கீழ்வரிசையில் இரண்டு பல்

பூட்டில் சாவியை நுழைத்ததும் உள்ளே அந்தச் சத்தம் கேட்டது. தகரத்தில் எதையோ மெல்லத் தட்டுவது போல, டக் டக் டடக்கென்று, ஒரு ஒழுங்கில்லாமல். உலகநாதன் சாவியைத் திருப்பாமல் நின்றார். சாயங்காலம் ஐந்தரை மணி. குவார்ட்டர்ஸ் தெருவில் பிள்ளைகள் பந்துக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். பின்வரிசையில் யார் வீட்டிலோ கருவாடு வறுபட்டது. பட்டாபிராம் பக்கம் போகிற மின்சார ரயில் நீளமாக ஊதிவிட்டுப் போனது. இத்தனைக்கும் நடுவே அந்தச் சத்தம் மட்டும் தனியாக வந்து காதில் விழுந்தது. ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷமாக ஃபிட்டர் வேலை. எது எதில் இடிக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவார். இது எலியில்லை என்று அவருக்குத் தெரிந்தது.

கதவைத் திறந்து உள்ளே கால் வைத்தார். சத்தம் நின்றுவிட்டது. நாலு நாளாக இப்படித்தான் நடக்கிறது.

பக்கத்து வீட்டுப் பஞ்சவர்ணம் கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டிருந்தாள். திரும்ப வெளியே வந்து அவளிடம் கேட்டார்.

"பகல்ல எங்க வீட்டுல ஏதாவது சத்தம் கேட்குதாம்மா?"

"இன்னா சத்தம்ண்ணே? நாள் பூரா கம்முனு கீது. அக்கா போனதுலேர்ந்து அந்தப் பக்கம் ஒரு அரவமும் இல்ல." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "சாப்டீங்களா? கொழம்பு கொண்டாரட்டா?"

வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு வந்தார்.

அக்கா என்றது அவர் மனைவி பூங்காவனத்தை. மஞ்சள் காமாலையில் அவள் போய் இரண்டு மாதம் ஆகிறது. பிள்ளையில்லை. இனி இந்த இரண்டு அறைக்கும் அவர் ஒருவர்தான்.

எட்டு வருஷத்துக்கு முன்னால், எண்பத்தெட்டு தீபாவளிக்கு முந்தின நாள், குடித்துவிட்டு வந்து, குழம்பில் உப்பில்லை என்று புறங்கையால் அவளை அறைந்தார். ஆமாம், உப்பு. அவ்வளவு அற்பமான காரணம்தான். மணிக்கட்டில் ஸ்டீல் பட்டை போட்ட வாட்ச். கீழ்வரிசையில் முன்பல் இரண்டும் தெறித்து விழுந்தன. விசாரிக்க வந்த உறவுக்காரர்கள் அவளைத்தான் சமாதானம் செய்தார்கள்: "அடிக்கிற கைதாம்மா அணைக்கும்." அன்றோடு அவர் குடியை விட்டார். கையை ஓங்கியதும் அதோடு சரி. ஆனால் அவள் வாய்விட்டுச் சிரித்ததும் அதோடு சரிதான். பல்லு போனா சொல்லு போச்சு என்பார்கள். பூங்காவனத்துக்குச் சொல்லும் போயிற்று, சிரிப்பும் போயிற்று. கேட்டதற்குப் பதில், அதுவும் தரையைப் பார்த்துக்கொண்டு.

தான் செத்துப்போவதற்குள் ஒரே ஒரு தரம் அவள் தன்னைப் பார்த்துச் சிரித்துவிட வேண்டும். உலகநாதனுக்கு வேறு ஆசையே இல்லை. அதற்காகத்தான் போன வருஷக் கடைசியில் அம்பத்தூரில் புதிதாக வந்திருந்த பல் டாக்டர் பாஸ்கரனிடம் அழைத்துப்போனார்.

"எதுக்குங்க இப்ப? பழகிப்போச்சு" என்றாள் பூங்காவனம். ஆனாலும் வந்தாள். அவர் சொல்லி அவள் எதையும் மறுத்ததில்லை.

கழற்றி மாட்டுகிற பல் செட்டு இல்லை இது. தாடை எலும்பிலேயே திருகாணியை முடுக்கி, பிற்பாடு அதன் தலையில் பல்லைப் பொருத்துவது. டாக்டர் ஆணியைக் காட்டினார். டைட்டானியம், நகநீளம், சுற்றிலும் நுணுக்கமான திருகு மரை. உலகநாதன் அதை விரலில் உருட்டிப் பார்த்து, வேலை சுத்தம் என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டார்.

"எலும்பு இதை வேத்துப் பொருளா நினைக்காது சார்" என்றார் டாக்டர். "மரைக்குள்ளயே வளர்ந்து தன்னோட சேர்த்துக்கும். நாலு மாசம் பொறுங்க. அப்புறம் யாராலயும் பிரிக்க முடியாது."

பல்லுக்கு அளவெடுத்து வைத்துக்கொண்டார்கள். நாலு மாதம் முடிய ஒன்பது நாள் இருக்கும்போது அவள் போய்ச் சேர்ந்தாள்.

முத்தாபுதுப்பேட்டைச் சுடுகாட்டில், எரித்த மறுநாள் காலையில் பால் தெளித்து எலும்பு பொறுக்கும்போது, சாம்பலில் இரண்டு ஆணியும் கிடைத்தன. கறுத்திருந்தன, உருகவில்லை. அவர் அவற்றைச் சட்டியில் போடப் போனார். பூங்காவனத்தின் தம்பி மணவாளன் கையைப் பிடித்தான்.

"மாமா, அது இரும்பு. எலும்போட இரும்பு சேரக் கூடாது, அக்காவுக்கு ஆவாது. எட்த்து அப்பால கடாசிடுங்க."

கடாச மனம் வரவில்லை. மரைக்குள் வெள்ளையாக ஏதோ இறுகியிருந்தது. சாம்பல் என்று நினைத்தார். டாக்டர் சொன்னது அந்த நேரத்தில் ஞாபகத்துக்கு வரவே இல்லை. சட்டியில் இருந்ததையெல்லாம் கடலில் கரைத்தார்கள். அவளில் ஒரு துளி மட்டும் அவர் கைக்குட்டையில் வீடு திரும்பி, சமையலறைப் பலகையில் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் போனது.

அந்த டப்பாவைத்தான் இன்றைக்குத் தைரியம் வரவழைத்துக்கொண்டு இறக்கினார். மூடியைத் திறந்ததும் சாம்பல் வாடையும் திரிந்த பால் வாடையும் சேர்ந்து முகத்தில் அடித்தன. ஆணிகள் இரண்டாக இல்லை. நடுவே சுண்ணாம்பு நிறத்தில் ஒரு மேடு எழும்பி இரண்டையும் சேர்த்துக்கட்டியிருந்தது. விரலால் தொட்டார். வெதுவெதுப்பாக இருந்தது. கத்தவேண்டும் போல இருந்தது, அழுகைதான் வந்தது.

மறுநாள் அது விரல் நீளம். அதற்கடுத்த நாள் இருபக்கமும் வளைந்திருந்தது. வாரக் கடைசியில், கடைவாய்ப் பற்களோடு, ஒரு முழுக் கீழ்த்தாடை. முன்னால் இரண்டு ஆணித் தலைகள் மட்டும் மொட்டையாக நீட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு சாயங்காலமும் சாவி பூட்டைத் தொட்டதும் அதே சத்தம். டக் டக் டடக். உள்ளே வந்ததும் நின்றுவிடும். என்னைத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தார். பயமாகவும் இருந்தது, வீட்டுக்கு ஓடிவரவேண்டும் போலவும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை புத்தி கொஞ்சம் தெளிந்தது. டப்பாவைப் பைக்குள் வைத்து, கடலில் போட்டுவிடுவதென்று சென்ட்ரலுக்கு டிக்கெட் எடுத்தார். ரயிலில் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். வழி முழுக்க அது நடுங்கியது. ரயில் குலுங்குகிறது என்று சொல்லிக்கொண்டார். ரயில் நின்றபோதும் நடுங்கியது.

"பொறுத்துக்கோ பூங்காவனம்" என்றார் மெதுவாக. எதிரில் இருந்தவர் நகர்ந்து உட்கார்ந்தார்.

அம்பத்தூரில் இறங்கிவிட்டார்.

டாக்டர் செய்தி கேட்டு வருத்தப்பட்டார். ஒரு காகிதப் பொட்டலத்தை மேசை மேல் வைத்தார். "பல் ரெண்டும் எப்பவோ ரெடி. ஆனா இதை வச்சுக்கிட்டு இனிமே என்ன செய்வீங்க சார்?"

"அவளோடது. அவகிட்ட இருக்கட்டும்."

வீட்டுக்கு வந்தபோது மணி மூன்று. தெருவில் ஆளில்லை. வெயில் ஜன்னல் கம்பி வழியாகத் தரையில் கோடு கோடாகக் கிடந்தது. டப்பாவைத் தரையில் வைத்து, எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து மூடியைத் திறந்தார். தாடை அசையாமல் கிடந்தது. முதல் பல்லை ஆணித்தலையில் வைத்து அழுத்தினார். அடுத்தது. நூலளவும் இடைவெளி இல்லை. இத்தனை வருஷ வேலையில் இப்படி ஒரு பொருத்தத்தை அவர் பார்த்ததில்லை.

"எவ்வளவு அழகா இருக்கு பாரு" என்றார். "ஒரு தரம் சிரிம்மா. என்னைப் பார்த்து ஒரே ஒரு தரம்."

டக்.

புதுப்பல் தகரத்தில் பட்டது.

டக் டக். டடக்.

சிரிக்கிறாள். கண்ணீர் தாடியில் இறங்கியது. தடவிக்கொடுக்கலாம் என்று வலது கையை நீட்டினார்.

அது பின்வாங்கியது.

தகரத்தைச் சுரண்டிக்கொண்டு, நண்டு போல, பின்பக்கமாக. கையை இன்னும் கொஞ்சம் நீட்டினார். இன்னும் கொஞ்சம் போனது. மூலை. அதற்குமேல் போக இடமில்லை. சத்தம் வேகமானது.

கையை இழுத்துக்கொண்டார். சத்தம் அடங்கியது.

திரும்ப நீட்டினார்.

டடடடடக்.

அது கூப்பிட்ட சத்தமில்லை. ஒரு நாளும் கூப்பிட்டதில்லை.

"அடிக்க மாட்டேன்" என்றார். "சத்தியமா அடிக்க மாட்டேன்மா." கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். பக்கத்து வீட்டில் பஞ்சவர்ணம் குழாயைத் திறந்தாள். தண்ணீர் விழுந்தது. நின்றது.

தாடையின் இரண்டு முனையிலும் ஈரமாக, புதிதாக, வெள்ளை எலும்பு மேல்நோக்கி முளைத்துக்கொண்டிருந்தது. கன்னம் வரும். கண் வரும். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அது வளர்ந்துகொண்டே, டப்பாவின் மூலையில் அவரை விட்டு ஒடுங்கிக்கொண்டு, நடுங்கியது.