துண்டு போட்ட இடம்

மலேசியாவின் சுபாங் ஜெயா கணினி நிலையத்தில் 1987இல் களவு போனது நகையல்ல, கார் அல்ல, நினைவகம்.

பெரிய கணினி ஒன்றுதான் இருந்தது. அதை உள்ளுக்குள் நான்காகப் பிரித்து, நான்கு பேருக்கும் தனித்தனிக் கணினி கொடுத்ததுபோல் பாவனை. விர்ச்சுவல் மெஷின் என்று பெயர். இரண்டு வாரமாகப் பிற்பகல் மூன்று மணியானால் நான்குமே நகர மறுத்தன. யாரோ நினைவகத்தை அள்ளிக்கொள்கிறார்கள்.

"யாரோ என்ன, குணாதான்," என்றார் மேற்பார்வையாளர் அந்தோனிப்பிள்ளை. தினமும் நண்பகலில் அவர் எடுக்கும் அறிக்கையை மேசையில் விரித்தார். புரோகிராமர் குணபூசணியின் பெயருக்கு நேரே, 'பயன்பாடு' என்ற பத்தியில் ஏழு மெகாபைட். இருப்பதே எட்டு. "வெளி வேலை ஓட்டுது லா. வேற என்ன?"

ஐந்து மணிக்கு அவளை வேலையிலிருந்து நீக்குவதென்று மேலாளர் சிவசம்பு முடிவு செய்துவிட்டார். குணபூசணிக்கு ஒரே கவலைதான். வேலை போகட்டும்; திருடி என்ற பெயரோடு, குடியிருக்கும் பிரிக்பீல்ட்ஸில் எப்படித் தலைகாட்டுவது?

அப்போதுதான் பாதுகாப்பு அதிகாரி வீரசிங்கம் வந்து எதிரில் உட்கார்ந்தார். ஓய்வு பெற்ற போலீஸ் இன்ஸ்பெக்டர். கணினியா, கிலோ என்ன விலை என்று கேட்கிற ஆள்.

பிற்பகல் 1.15.

"நீ என்னம்மா சொல்ற?"

இத்தனை நாளில் அவளை இப்படிக் கேட்ட முதல் ஆள் அவர்தான். கண் கலங்கிவிட்டது.

"காலையில பட்டியலை வரிசைப்படுத்துற பெரிய சோர்ட்டிங் ஒன்னு ஓட்டுவேன் அங்கிள். அதுக்கு ஏழு வேணும். பத்து மணிக்கு முடிஞ்சிரும். அப்புறம் என் மெஷின் உள்ள பார்த்தா ஆறு காலின்னுதான் காட்டுது. வெளிய ஏன் ஏழுன்னு காட்டுதுன்னு எனக்கே தெரியல."

வீரசிங்கம் அறிக்கையில் விரலை ஓட்டினார். ஏழு, இரண்டு, ஒன்று, ஒன்று. கடைசி ஒன்று அந்தோனிப்பிள்ளையின் மெஷின்.

"மொத்தம் பதினொன்னு வருதே. எட்டு சீட் பஸ்ல பதினொரு பேர் எப்படிம்மா உட்காருவாங்க?"

அவள் திகைத்துப் போனாள். இவ்வளவு நாளாக யாரும் கூட்டிப் பார்க்கவில்லை, அவள் உட்பட.

"கொஞ்ச நேரமா தொடாததை எல்லாம் கணினி டிஸ்குக்குத் தள்ளிரும் அங்கிள்..."

"அப்ப இது உட்கார்ந்தவன் கணக்கு இல்ல. துண்டு போட்டவன் கணக்கு. நீ காலையிலேயே எழுந்து போயிட்ட. கண்டக்டர் உன் துண்டை எடுத்து மேல வச்சிட்டான். ஆனா உன் பேர்ல சீட் அப்படியே இருக்கு." பக்கத்துப் பத்தியைத் தட்டினார். "இது என்ன? உன் பேருக்கு நேரா பூஜ்யம்."

"டிஸ்குக்கும் நினைவகத்துக்கும் நடுவுல எவ்வளவு போயிட்டு வருதுன்னு."

"ஓ. அப்ப இடிச்சுக்கிட்டு ஏறி இறங்குறவன் அதுல தெரிவான்." எழுந்தார். "உன் மெஷினை முழுசா நிறுத்திடு. யார்கிட்டயும் சொல்லாத."

பிற்பகல் 3.05. வழக்கம்போல் மேசைகளில் எல்லாத் திரைகளும் உறைந்தன. கட்டுப்பாட்டு அறையிலிருந்து அந்தோனிப்பிள்ளை வெளியே, சிவசம்புவிடம் வந்தார். "பாத்தீங்களா பாஸ்? மறுபடியும் குணாதான். ஏழு எடுத்திருக்கு."

"திரையில பாத்தியா?" என்றார் பக்கத்தில் நின்ற வீரசிங்கம்.

"பாத்துட்டுத்தான் சொல்றேன்."

"அவ மெஷின் ஒன்னரை மணிக்கே நிறுத்தியாச்சு. திரையில அவ பேரே இருக்காது."

சிவசம்பு கட்டுப்பாட்டு அறைக்குள் விரைந்தார்; மற்றவர்களும் பின்னால் போனார்கள். உறையாமலிருந்த கட்டுப்பாட்டுத் திரையில் குணபூசணியின் பெயர் இல்லை; அந்தோனிப்பிள்ளையின் ஒன்று ஆறாகியிருந்தது. பக்கத்துப் பத்தியில் அவருடைய எண் தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்தது.

"நண்பகல்ல மட்டும் நீ ஏன் அறிக்கை எடுத்தேன்னு இப்ப புரியுது," என்றார் வீரசிங்கம். "உன் வேலை மூனு மணிக்குத்தானே ஆரம்பிக்கும்."

தான் ஓட்டியது கிள்ளானில் இருக்கும் மைத்துனரின் மரக்கடைச் சரக்குக் கணக்கு என்று அந்தோனிப்பிள்ளையே ஒத்துக்கொண்டார். சிவசம்பு எல்லார் முன்னிலையிலும் குணபூசணியிடம் மன்னிப்புக் கேட்டார். நன்றி சொல்ல வேண்டியவரை அவள் தேடினால், அவர் அங்கே இல்லை.

மாலை அவள் பஸ்ஸில் ஏறியபோது கூட்டம் நெரிந்தது. ஜன்னலோர இருக்கையில் வீரசிங்கம். பக்கத்து இடத்தில் அவருடைய கைத்துண்டு விரித்திருந்தது. சண்டைக்கு நின்ற ஒருவரிடம் அவர் சொல்லிக்கொண்டிருந்தார்: "இல்லண்ணே, இந்தத் துண்டுக்கு நெசமாவே ஆள் வருது."

துண்டை எடுத்து மடித்துக் கொடுத்துவிட்டு அவள் உட்கார்ந்தாள். "ரொம்ப நன்றி அங்கிள்," என்றாள்.