ஒரு மெயில் போகட்டும், மார்கெத்தா

கீழே சவுனாவில், அந்த நீராவிக் குளியலறையில், புருஷன் வெந்துகொண்டிருந்தான்.

மேலே கம்ப்யூட்டர் செத்துக்கொண்டிருந்தது.

மார்கெத்தா பல்லைக் கடித்தாள். பாதி மெயில் அடிப்பதற்குள் திரை மறுபடியும் கறுத்துவிட்டது... அடித்தது அத்தனையும் போச்சு!

போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"ராவ்னோ... திரும்பவும் அணைஞ்சிடுச்சு."

"பதறாதே. அவன் எப்படி இருக்கான்?"

"பலகை மேல மல்லாந்து கிடக்கான். பீர்ல தூக்க மாத்திரை கலந்துட்டேன். அடுப்பை முழுசாத் திருகி வச்சிருக்கேன்."

ராவ்னோ, குவோபியோ டவுனில் கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவன். அவளுக்கு ஒரு பிரிண்டரை விற்க வந்து, அவளையே வாங்கிக்கொண்டவன்.

திட்டம் அவனுடையதுதான். புருஷன் ஓலவியின் கம்ப்யூட்டரிலிருந்து, ஓலவியே எழுதியது போல் போலீசுக்கு ஒரு மெயில். 'மனைவியைக் கொன்று, உறைந்த ஏரியின் பனியில் வெட்டிய குழிக்குள் தள்ளிவிட்டேன். நானும் போகிறேன்.' அவ்வளவுதான்.

செத்துப்போன மனைவியை எந்தப் போலீஸ் சந்தேகப்படும்? சாயங்காலக் கப்பலில் இருவரும் எஸ்தோனியாவுக்கு ஓடிவிடலாம்.

மெயில் போகாவிட்டால்? சவுனாவில் பிணம், வீட்டில் பெண்டாட்டி... ஆயுசுக்கும் கம்பிதான்.

ராவ்னோ ஒவ்வொன்றாகச் சொன்னான். பெட்டியைத் திறந்து தூசியை ஊதச் சொன்னான். ஊதினாள். மெமரியைக் கழற்றி மாட்டச் சொன்னான். மாட்டினாள். பிரிண்டர் வயரைப் பிடுங்கச் சொன்னான். பிரிண்டரையே தூக்கி எறிந்தாள்.

ஆன் செய்தாள். உயிர் வந்தது. 'மனைவியைக் கொன்று' என்று அடித்தாள்...

செத்தது.

"சனியன்!"

"கத்தாதே. ஒண்ணு சொல்லு. அது அணையறப்போ லைட் மங்குதா?"

யோசித்தாள். "ஆமா... லேசா."

எதிர்முனையில் ராவ்னோ சிரித்தான்.

"அடிப்பாவி, கம்ப்யூட்டர்ல ஒண்ணுமே இல்ல. உன் சவுனா அடுப்புதான். பழைய வீடு, பழைய வயர். அடுப்பு கரண்ட்டை இழுக்கிறப்போ கம்ப்யூட்டருக்குப் பத்தல."

"இத்தனை வருஷமா இப்படி ஆனதில்லையே."

"சவுனா சூடா இருக்கிறப்போ எவன்டி கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்திருக்கான்? எல்லாரும் உள்ளேதானே இருப்போம்."

வாஸ்தவம்தான். சனிக்கிழமை சவுனாவை விட்டுவிட்டுக் கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டு அழுகிற பைத்தியம் அந்த ஊரில் இதுவரை பிறக்கவில்லை.

அடுப்பைக் கொஞ்ச நேரம் நிறுத்தச் சொன்னான் ராவ்னோ. மெயில் போனதும் திரும்பப் போட்டுக்கொள்ளலாம், மாத்திரை தின்றவன் எங்கே ஓடிவிடப் போகிறான் என்றான்.

மார்கெத்தா நடைக்குப் போய் அடுப்பின் ஃபியூஸைப் பிடுங்கி அலமாரி மேல் வைத்தாள்.

கம்ப்யூட்டர் சமர்த்தாக ஓடியது. நிதானமாக அடித்தாள். ஓலவி எழுதுகிற மாதிரி இல்லை என்று பாதியை அழித்து மறுபடியும் எழுதினாள். ராவ்னோ ஒரு வார்த்தையை மாற்றச் சொன்னான். மாற்றினாள்.

அனுப்பினாள்.

"போயிடுச்சு, ராவ்னோ..." அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

ஃபியூஸை மாட்ட எழுந்தாள். திரும்பினாள்.

அறை வாசலில் ஓலவி!

இடுப்பில் துண்டு. வெந்த இறால் மாதிரிச் சிவந்த உடம்பு. கையில் அந்த ஃபியூஸ்.

"சவுனா ஆறிப்போச்சேன்னு பார்க்க வந்தேன்," என்றான்.

"பீர்..." என்றாள்.

"வாசனைக்காக முக்கால்வாசியை அடுப்புக் கல்லு மேல ஊத்திட்டேன். எப்பவும் செய்யறதுதானே? என்னத்தைக் கலந்தே? கண்ணு லேசா சொக்குச்சு."

அவளை நகர்த்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தான். திரையில் இருந்ததைப் படித்தான். மெதுவாக, இன்னொரு முறையும் படித்தான்.

ஸ்பீக்கரில் 'டொக்'.

ராவ்னோ லைனைத் துண்டித்துவிட்டான். கப்பலுக்கு ஒரு டிக்கெட் போதும் என்று முடிவு செய்துவிட்டான் போலிருக்கிறது.

மார்கெத்தா அழுதாள். காலில் விழுந்தாள். புத்தி கெட்டுப்போய் செய்துவிட்டேன், போலீசைக் கூப்பிட்டு எல்லாமே பொய் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன் என்று கெஞ்சினாள்.

"எதுக்கு?" ஓலவியின் குரலில் கோபமே இல்லை. "டவுன்லேர்ந்து இந்தப் பனியில அவங்க வந்து சேர நேரமாகும். குழி தயாரா இருக்கு, சவுனா முடிஞ்சு ஏரியில முங்கிக் குளிக்கக் காலையில நானே வெட்டினேன். நான்தான் கொன்னேன்னு நீயே எழுதிக் குடுத்துட்டே. என் பேர்ல போலீசுக்குப் பொய் போறது எனக்குப் பிடிக்கல, மார்கெத்தா."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவன் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியது இதுதான் முதல் தடவை.

அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கினான். கீழே இழுத்து வந்து வாசல் கதவைத் திறந்தான். குளிர் முகத்தில் அறைந்தது. பழக்க தோஷத்தில் அவள் கை, ஆணியில் தொங்கிய கோட்டை எட்டிப் பிடித்தது.

ஓலவி அதைப் பிடுங்கித் திரும்ப மாட்டினான்.

"கோட்டு எதுக்குடி? வீணா நனைஞ்சு போகும்."