வேகம்... பூஜ்யம்!

பெகி கட்டிய எஞ்சினில் கனெக்டிங் ராடு உடையாது.

இதுவரை உடைந்ததில்லை. இனியும் உடையாது. தென்னாப்பிரிக்காவின் ஸொவெட்டோவில் பைபிளுக்கு அடுத்தபடியாக நம்பத்தக்க சங்கதி இது ஒன்றுதான் என்பதைப் பெகியே பலமுறை உறுதி செய்திருக்கிறான்.

ஞாயிறு மதியம் மூன்று மணி.

காரைச் சுழற்றி வித்தை காட்டும் ஸ்பின் மைதானத்தின் நடுவே கிடந்தது அந்த ராடு... இரண்டு துண்டாக!

பக்கத்தில், வெள்ளிக் காகிதம் போர்த்தப்பட்டு, ஸ்பின்னர் மொலெஃபியின் உடல்.

கார் ராட்டினமாகச் சுற்ற, கதவுக்கு வெளியே ஒரு காலில் தொங்கி கூட்டத்துக்குக் கையசைப்பது மொலெஃபியின் வழக்கம். இன்றும் அசைத்தான். ராடு எஞ்சினின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. கொட்டிய ஆயிலில் பின்சக்கரம் ஏறியது. கார் பக்கவாட்டில் வழுக்கி, சுவரில்...

அவ்வளவுதான்.

பெகி கையில் உருளைக்கிழங்கு வறுவல் திணித்த, பாதி தின்ற கோட்டா ரொட்டி. கீழே போடவும் தோன்றவில்லை, தின்னவும் தோன்றவில்லை.

சார்ஜென்ட் நொம்வூலா நோட்டைத் திறந்தாள்.

"எஞ்சின் கட்டினது நீங்கதானே?"

"நான்தான் மேடம். அதனாலதான் சொல்றேன்... இது கொலை!"

"யார்?"

பெகி கூட்டத்தைப் பார்த்தான். டயர் அடுக்கின் மேல் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான் இன்னொரு ஸ்பின்னரான ட்ஷெபோ.

"அவன்! போன சனிக்கிழமை, எங்க பழைய ஸ்பின்னர் சோலி அண்ணன் அடக்கத்துல, மொலெஃபி காரைக் காட்டி இருநூறு பேர் முன்னாடி சொன்னான். 'இந்த எஞ்சின் ஒரு வாரம் தாங்காது'ன்னு!"

"மிரட்டினானா?"

"பின்ன என்ன, ஆசீர்வாதமா பண்ணுவான்? அன்னிக்கு எல்லாரும் எஞ்சினை அலற அலற முறுக்கி, செத்தவருக்கு மரியாதை செய்யறோம். இவன் மட்டும் தன் கார் சாவியை உருவிட்டு, காரைக் கையால தள்ளிட்டு வர்றான் மேடம்! புது போல்ட் போட்டிருக்கானாம், சும்மா நிக்கறப்போ முறுக்க மாட்டானாம். நான் கேட்டேன்... 'இது காராடா, தள்ளுவண்டியா? தக்காளி கிலோ எவ்வளவு?'ன்னு. ஊரே சிரிச்சுது."

ட்ஷெபோ நிமிர்ந்தான்.

"பெகிண்ணே... நான் எதுக்குச் சொன்னேன்னா..."

"கோர்ட்ல சொல்லுடா!"

ட்ஷெபோவுக்கு விலங்கு மாட்டினார்கள்.

திங்கள் காலை. போலீஸ் ஸ்டேஷன்.

மேஜை மேல் ஒரு பிளாஸ்டிக் பை. பைக்குள் ராடிலிருந்து அறுந்த போல்ட். பக்கத்தில் டைப் செய்த வாக்குமூலம்.

"ட்ஷெபோதான் போல்ட்டைக் கெடுத்தான்னு நீங்க சொன்னது. கையெழுத்துப் போட்டா அவன் உள்ள. மெக்கானிக் வார்த்தையைத் தாண்டி எங்ககிட்ட வேற ஒண்ணும் இல்ல" என்றாள் நொம்வூலா.

பெகி பேனாவை எடுத்தான்.

"அதுக்கு முன்னாடி ஒண்ணு. ராடு ஏன் உடையுது? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

பேனா கீழே இறங்கியது. இந்தக் கேள்விக்காகவே பிறந்தவன் பெகி!

"ராடு, மேலும் கீழும் போற பிஸ்டனை, அடியில சுத்தற கிராங்க்கோட கட்டிப்போடற இரும்புக் கை மேடம். டர்போவை அளவுக்கு மேல ஏத்தினா, மேல இருந்து அடி விழும். ராடு வாழைத்தண்டு மாதிரி மடங்கும். ஆயில் கிடைக்கலைன்னா, அடிப்பக்கம் நீலமா கருகும்."

"இது மடங்கலையே? கருகவும் இல்லையே?"

பெகி பையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தான். போல்ட்டின் நடுப்பகுதி, பிடித்து இழுத்த மிட்டாய் போல மெலிந்து, நீண்டு... அறுந்திருந்தது.

"இழுத்திருக்கு. யாரோ எஞ்சினைக் கண்டபடி முறுக்கியிருக்கான்! ஓடறப்போகூட இல்ல... சும்மா நிக்க வெச்சு!"

"நிக்கறப்போ முறுக்கினா என்ன? பாரமே இல்லையே?"

"அங்கதான் எல்லாரும் ஏமாறுறது! பாரம் இருந்தா வெடிக்கிற காஸ் பிஸ்டனைக் கீழே தள்ளும். பாரம் இல்லைன்னா, உச்சிக்குப் பறக்கிற பிஸ்டனைத் திருப்பி இழுக்கிறது ராடும் ரெண்டு போல்ட்டும் மட்டும்தான். ஒவ்வொரு சுத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமா நீளும். அன்னிக்கு உடையாது. இன்னொரு நாள், வேற ஒருத்தன் ஓட்டறப்போ உடையும்! சுத்துக்கு எல்லை வெக்கிற லிமிட்டரை எடுத்துட்டு முறுக்கியிருக்கான் மேடம்... கொலைகாரன்!"

"எழுதிக்கட்டுமா?"

"எழுதுங்க! கொட்டை எழுத்துல!"

எழுதினாள். பிறகு ஒரு காகிதத்தை அவன் பக்கம் நகர்த்தினாள்.

"காரோட கம்ப்யூட்டர்ல இருந்து எடுத்தது. அதிகபட்சச் சுற்று, நிமிஷத்துக்கு... ஒன்பதாயிரத்து நூற்று நாற்பது."

"ஐயோ! நான் வெச்ச எல்லை ஏழாயிரம்!"

"நாலு நிமிஷம். வேகம்... பூஜ்யம். போன சனிக்கிழமை, மதியம் இரண்டே கால்."

மின்விசிறி சுற்றியது.

"போன சனிக்கிழமை இரண்டே காலுக்கு இந்தக் கார் எங்க இருந்துது பெகி?"

"சோலி அண்ணன்... கல்லறை வாசல்ல."

"டிரைவர் சீட்ல யாரு?"

பெகி காகிதத்தையே பார்த்தான். அந்த நாலு நிமிடமும் ஊரே விசிலடித்தது. மொலெஃபி கூரையைத் தட்டித் தட்டிச் சிரித்தான். லாப்டாப்பில் லிமிட்டரை எடுத்த விரல், இப்போது பேனாவைப் பிடித்திருந்தது.

"அது... அது ஓட்டினது இல்ல மேடம். மரியாதை."

"போல்ட்டுக்கு அது தெரியுமா?"

அழுகை வரவில்லை. டீ வேண்டும் போலிருந்தது. அதையும் கேட்கத் தோன்றவில்லை.

"ட்ஷெபோ அன்னிக்கு மிரட்டல" என்றான் மெதுவாக. "எச்சரிச்சிருக்கான்."

வாக்குமூலத்தில் ட்ஷெபோ என்றிருந்த இடத்தையெல்லாம் அடித்தான். மேலே தன் பெயரை எழுதினான். ஏழு இடம். கையெழுத்து ஒரே சீராக வந்தது.

நொம்வூலா அதை வாங்கி இரண்டு தடவை படித்தாள்.

"இதுக்கு எந்தப் பிரிவுல கேஸ் போடறதுன்னு மேலிடத்துல கேக்கணும். ட்ஷெபோவை விட்டுடறோம். நீங்களும் அதுவரைக்கும் வீட்டுக்குப் போங்க."

சனிக்கிழமை. மொலெஃபியின் அடக்கம்.

நாற்பது கார்கள். முன்னால் சவவண்டி, அடுத்து பெகியின் கார். கூட்டம் காத்திருந்தது.

"முறுக்கு பெகி! மொலெஃபிக்குக் கேக்கணும்!"

பெகி சாவியைத் திருகினான்.

வெளியே உருவிச் சட்டைப்பையில் போட்டான்.

இறங்கினான். பின்னால் போய், டிக்கியில் இரண்டு கையையும் வைத்து... தள்ள ஆரம்பித்தான்.

யாரோ சிரித்தார்கள். பிறகு யாரும் சிரிக்கவில்லை. காலடிச் சத்தம் மட்டும்.

நூறு அடி போயிருக்கும். மேடு தொடங்கியது. கார் கனத்தது. சட்டென்று பாரம் குறைந்தது. பக்கத்தில் இன்னும் இரண்டு கைகள்!

ட்ஷெபோ.

மேடு ஏறும்வரை இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"பெகிண்ணே..."

"ம்."

"தக்காளி கிலோ எவ்வளவு?"

பெகி தலையைத் தூக்காமல் சொன்னான்.

"வித்துத் தீர்ந்துடுச்சு. தள்ளு."