கம்பளிக்குள் ஒரு சுரம்

சுவிட்சைப் போட்டதுமே பழைய சின்தசைசர் கீபோர்டு சுருதியில் நின்றது. ஷாமிலாவுக்கு அதுதான் பிடிக்கவில்லை.

பொகவந்தலாவை மலைக் குளிரில் அந்தக் கிழட்டுப் பெட்டி உள்ளே சூடேறி நிதானத்துக்கு வர அரை மணி நேரமாவது ஆகும். அதுவரை சுருதி மேலும் கீழும் அலைந்து உயிரை வாங்கும். தேயிலைத் தோட்டத்தில் பூட்டிக் கிடந்த துரை பங்களாவிலிருந்து அதைத் தூக்கி வந்த கணவன் தர்ஷனோ, "என்ன இருந்தாலும் பழசோட கதகதப்பு புதுசுல வராது" என்று அதையே கொஞ்சுவான். அவளுக்குப் பக்கத்திலிருந்த புது அனலாக் கீபோர்டுதான் தோது. போட்டால் பாடும், அணைத்தால் அடங்கும். தர்ஷன் வயர் வாங்க ஹட்டனுக்குப் போயிருந்தான். நாளைய கோயில் கச்சேரிக்கு இரண்டையும் சுருதி சேர்க்கக் கூடத்தில் உட்கார்ந்தவள், பழசின் முதுகில் மகளின் கம்பளி கிடப்பதை அப்போதுதான் கவனித்தாள்.

"கவிஷா, ஒங் கம்பளி ஏன் இங்க கெடக்கு?"

உள்ளறையில் படுத்திருந்த நான்கு வயதுக்காரி பதில் சொன்னாள். "அதுக்குக் குளிருதாம்மா. அதான் போத்திவிட்டேன்."

"யாரு சொன்னா?"

"அதுதான் சொல்லுச்சு."

பிள்ளைப் பேச்சு என்று சிரிக்கத்தான் பார்த்தாள். கம்பளிக்கடியில் கையை விட்டாள். காய்ச்சல்காரப் பிள்ளையின் வயிறு போல, இரும்பு வெதுவெதுவென்று வியர்த்திருந்தது.

மூடுபனி சன்னல்வரை இறங்கி நிற்க, தகரக் கூரையில் மழை கொட்ட, அடுப்புப் புகையும் ஈரக் கம்பளி வாடையும் கலந்து மூச்சை அடைக்க, கரண்ட் போனது. புதுசு அடங்கிவிட்டது. பழசு அடங்கவில்லை.

ஒரே சுரம். மெல்லிய முனகல். ஸ்பீக்கரிலிருந்து இல்லை, பெட்டிக்குள்ளிருந்து.

வயரைப் பிடுங்கினாள். முனகல் நிற்கவில்லை.

"கவிஷா, அம்மாகிட்ட வாடி தங்கம்."



போன் வெளிச்சத்தோடு உள்ளறைக்கு ஓடினாள். பிள்ளை கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கண் நிறையத் தண்ணீர். உதடு நீலம் பாரித்திருந்தது. தொட்டாள். சில்லென்றிருந்தது.

வாரி நெஞ்சோடு அணைத்துத் தேய்த்தாள். "மாரியாத்தா, எம் புள்ளய விட்ரு." தேய்த்தாள். சூடு ஏறவில்லை.

கவிஷா வாயைத் திறந்து அழுதாள். தொண்டை நரம்பு புடைத்தது. சத்தம் வரவில்லை.

கூடத்தில் முனகல் நின்றது.

"அம்மா," என்றது கம்பளிக்குள்ளிருந்து கவிஷாவின் குரல். "இப்பக் குளிரல."