பலகையில் மூன்று சொற்கள்

2005, ஆகஸ்ட். ஒரகடத்துக்கு அருகே கார் கதவுகளுக்குத் தகடு வளைக்கும் தொழிற்சாலை. மதிய ஷிஃப்ட் தொடங்கிய சற்று நேரத்தில் மூன்றாம் எண் பிரஸ் மெஷினின் பின்பக்கமிருந்து ஓர் அலறல் கேட்டது. மெஷினை நிறுத்திவிட்டு ஓடிப்போய்ப் பார்த்தபோது மாரிமுத்துவுக்கு உயிர் இல்லை.

இருபத்து மூன்று வயது. சங்கரன்கோவில் பக்கம் சொந்த ஊர். மெயின்டனன்ஸ் பிரிவில் ஒப்பந்தத் தொழிலாளி. அறுந்த பெல்ட்டைக் கழற்ற மெஷினுக்குள் இறங்கியிருந்தான். முன்னால் நிற்பவருக்கு உள்ளே இருக்கும் ஆள் தெரியாது.

உதவி ஆய்வாளர் வேல்விழி வந்தபோது உடலை வெளியே எடுத்துத் தார்ப்பாய் போர்த்தியிருந்தார்கள். பக்கத்தில், புது பெல்ட் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு ஒருவன் உட்கார்ந்திருந்தான்.

"யார் இது?"

"தளவாய், மேடம். செத்தவனோட ஊர்க்காரன், கூட வேலை செய்றவன். இவனாலதான் எல்லாம்," என்றார் சூப்பர்வைசர் நம்பிராஜன். சொல்லிக்கொண்டே டீ கிளாஸை நீட்டினார். அவர் கட்டைவிரல் நுனியில் கத்திரிப்பூ நிறத்தில் கறை இருந்தது.

"எப்படி இவனால?"

நம்பிராஜன் சுவிட்சுக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த வெள்ளைப் பலகையைக் காட்டினார். சிவப்பு மையில் கோடுகள் போட்டு, நீல மையில் எழுதியிருந்தது. வெளிநாட்டு அதிகாரிகள் வந்து பார்க்கும் இடம் என்பதால் அங்கே எல்லாமே ஆங்கிலம். முதல் கோட்டின் மேல் 'ஸ்டார்ட் ஓகே?' என்ற கேள்வி. அடுத்த கோட்டின் மேல் பதில்: 'நோ மேன் இன்சைடு'.

"உள்ளே யாரும் இல்லைன்னு எழுதிட்டுப் போயிருக்கான். கமா போடத் தெரியலை. நோவுக்கு அப்புறம் ஒரு கமா போட்டிருந்தா, 'வேண்டாம், உள்ளே ஆள் இருக்கு'ன்னு அர்த்தம் வந்திருக்கும்."

"நீங்க அப்போ எங்கே இருந்தீங்க?"

"கேன்டீன்ல. சத்தம் கேட்டுத்தான் வந்தேன். போர்டுப் பக்கம் போகவே இல்லை."

வேல்விழி தளவாயின் எதிரில் போய்க் குந்தினார்.

"எழுதினது நீதானா?"

"ஆமா மேடம். பெல்ட் எடுக்க ஸ்டோர்ஸுக்குப் போனேன். 'எழுதிப் போட்டுட்டுப் போலே'ன்னு மாரிதான் சொன்னான். காலையில நாந்தான் பலகையைத் துடைச்சுப் புதுசா கோடு போட்டேன். ஸ்கேல் வெச்சு..." அவன் நிறுத்தினான். "கமா போட்டனா இல்லியான்னு ஞாபகமே இல்ல மேடம். எவ்வளவோ யோசிச்சுப் பாக்கேன். நாந்தான் அவனைக் கொன்னுட்டேன்."

மெஷினை இயக்கியவன் சூசைராஜ். சேரப்பணஞ்சேரிக்காரன். வேல்விழி அவனைத் தனி அறைக்கு அழைத்தார்.

"யார் சொல்லி ஆன் பண்ணே?"

"யாரும் சொல்லல மேடம். போர்ட நானே படிச்சேன். ஆள் இல்லன்னு போட்டுகினு இருந்துச்சு. ஆன் பண்ணேன்."

வேல்விழி ஒரு தாளில் ஏதோ எழுதி அவன் முன்னால் நகர்த்தினார். "இதுல எழுதியிருக்கிறபடி செய்."

சூசைராஜ் தாளைப் பார்த்தான். அவரைப் பார்த்தான். மறுபடி தாளைப் பார்த்தான். அவன் மேலுதட்டில் வேர்வை அரும்பியது.

"கதவைச் சாத்துன்னு இங்கிலீஷ்ல எழுதியிருக்கேன், சூசைராஜ்."

அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதான்.

"எனக்கு இங்கிலீஷ் வராது மேடம். சூப்பர்வைசர் சார்தான் வந்து பாத்தாரு. 'ஆள் இல்லன்னு எழுதிக்கீது, போடுறா'ன்னாரு. அப்பறம் இந்த மாதிரி ஆயிடுச்சு. 'நீயே படிச்சேன்னு சொல்லு, கேஸு தளவாய் மேல போயிடும், உன்ன பர்மனென்ட் பண்றேன்'னாரு. நான் பாவி மேடம். எனக்கும் புள்ள குட்டி கீது."

வேல்விழி மறுபடியும் பலகைக்கு வந்தார். இந்தத் தடவை எழுத்துகளை விட்டுவிட்டுக் கோட்டை மட்டும் இடமிருந்து வலமாகப் பார்த்துக்கொண்டே போனார். ஓரிடத்தில் நின்றார். பிறகு நம்பிராஜனைக் கூப்பிட்டார்.

"இந்தப் பதில்ல இருக்கிற ஆங்கில எழுத்து எதுவுமே கோட்டுக்குக் கீழே இறங்காது. எல்லாம் கோட்டு மேலேயே நிக்கும். அப்படித்தானே?"

"ஆமா மேடம்."

"அப்போ நோவுக்குப் பக்கத்துல மட்டும் சிவப்புக் கோடு ஏன் அறுந்திருக்கு?"

நம்பிராஜன் குனிந்து கோட்டைப் பார்த்தார்.

"கமாவுக்கு வால் உண்டு. கோட்டைத் தாண்டிக் கீழே தொங்கும். அதை அழிச்சவர் விரல்ல கோடும் சேர்ந்து போயிடுச்சு. இது காலையில ஸ்கேல் வெச்சுப் போட்ட கோடு. சிவப்பையும் நீலத்தையும் ஒரே விரலால தேய்ச்சா என்ன நிறம் வரும்? கையைக் காட்டுங்க."

நம்பிராஜன் கட்டைவிரலை மடக்கிக்கொண்டார். பக்கத்திலிருந்த இரும்புப் பெட்டியின் மேல் உட்கார்ந்தார்.

"சரக்கு ஏத்த லாரி வாசல்ல நின்னுட்டு இருந்தது மேடம். நாலு தடவை போன். ஓடிவந்து பார்த்தேன், கமா என் கண்ணுல படலை. சத்தியமா படலை. அவன் கத்தினப்புறம் பார்த்தேன். அங்கேதான் இருந்தது."

"கண்ணுல படாதது கவனக்குறைவு. பட்டதும் அழிச்சது?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். வேல்விழி கான்ஸ்டபிளுக்குக் கண்ணைக் காட்டினார்.

தார்ப்பாய் பக்கத்தில் தளவாய் அதே இடத்தில் இருந்தான். வேல்விழி அவன் தோளில் கை வைத்தார்.

"நீ கமா போட்டிருந்தே, தளவாய். சரியாத்தான் எழுதியிருந்தே. உன் மேல எந்தத் தப்பும் இல்லை."

அவன் முகம் ஒரு கணம் தெளிந்தது. பிறகு முன்பைவிட மோசமாகச் சிதைந்தது.

"அப்பம் தமிழ்ல எழுதியிருந்தா அவன் இருந்திருப்பாம்லா மேடம்? தமிழ்லன்னா சூசை அண்ணனே படிச்சிருப்பாரே."

சற்றுத் தள்ளி, சுவரோரமாக நின்றிருந்த சூசைராஜ் இதைக் கேட்டுவிட்டுத் தன் தலையில் அடித்துக்கொண்டான்.

ஊரில் மாரிமுத்துவின் அம்மா மரகதத்துக்கு இன்னும் யாரும் சொல்லவில்லை. ஸ்டேஷனிலிருந்து தகவல் சொல்லிவிடலாம் என்றார் வேல்விழி. தளவாய் வேண்டாமென்று தலையசைத்தான். தெரியாத குரலில் அவள் இதைக் கேட்கக் கூடாது என்றான். பெல்ட்டை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, அலுவலக அறை போனில் மரகதத்தின் பக்கத்து வீட்டு எண்ணை அழுத்தினான். மரகதத்தைக் கூப்பிட்டு வரும்வரை காத்திருந்தான்.

"ஆரு, தளவாயா? என்னய்யா, வேலை நேரத்துல போன் போட்டிருக்கீக? மாரி பக்கத்துல இருக்கானா?"

தளவாய் திரும்பி, அறையின் கண்ணாடி வழியே தார்ப்பாயைப் பார்த்தான்.

"இருக்காம்மா," என்றான்.