எட்டு வயதுப் பெண்

அன்று காலை அவள் தேநீரைக் கொண்டுபோய் வைத்தபோது மாமியார் கோப்பையைத் தொடவில்லை. நாத்தனார் வேலைக்குக் கிளம்பிய கோலத்தில், தோளில் பையோடு, உட்காராமல் நின்றுகொண்டிருந்தாள். இருவருக்கும் நடுவே மேஜையில் ஒரு தாள் கிடந்தது. பார்த்ததுமே அவளுக்கு அடையாளம் தெரிந்தது.

விலங்குக் காப்பகத்தில் கொடுத்த படிவத்தின் இரண்டாம் தாள் அது. முதல் தாள் தையல் மெஷின் இழுப்பறையில் பத்திரமாக இருந்தது. இது மட்டும் தைத்து முடித்த துணிகளோடு கலந்து மாமியார் கைக்குப் போயிருக்கிறது.

வெட்டி மிஞ்சிய துணிகளில் படுக்கை தைத்துக் கொடுக்கத்தான் அவள் முதலில் அந்தக் காப்பகத்துக்குப் போனாள். கடைசிக் கூண்டில் இருந்த பழுப்பு நாய் அவளை விடவில்லை. ஒரு கண் கொஞ்சம் சிறியது என்பதால் அங்கே எல்லாரும் அதைச் சின்னக்கண்ணு என்றார்கள். கடையில் குட்டி வாங்குவதென்றால் கணவனின் ஒரு மாதச் சம்பளம் போய்விடும். இங்கே வயதான நாய்களுக்குக் கட்டணமே கிடையாது, தடுப்பூசியும் அவர்களே போட்டுவிட்டார்கள். வீட்டில் உள்ள எல்லாரும் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். அதைக் கேட்கத்தான் ஒரு வாரமாக அவளுக்கு வாய் வரவில்லை.

"என்ன இது?" என்றார் மாமியார்.

"சொல்லணும்னுதான் இருந்தேன் அத்தை..."

"எப்போ? கூட்டிட்டு வந்து நிறுத்தினப்புறமா?"

அவள் தலை குனிந்தாள். மறைத்தது தப்புதான். ஆனாலும் கேட்காமல் விடவும் மனம் வரவில்லை. "அவ ரொம்ப சாது அத்தை. வீட்டுல மிச்சம் மீதி இருந்தாலே போதும். படுக்க என் மெஷினுக்குக் கீழ ஒரு சாக்கு விரிச்சுடறேன்."

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள். "அண்ணி, நீங்களா இப்படிப் பேசுறீங்க?"

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நாய் பிடிக்காதவர்கள் எரிச்சல்படுவார்கள், முகம் சுளிப்பார்கள். இவர்கள் முகத்தில் இருந்தது வேறு ஏதோ. கொலை செய்துவிட்டு வந்தவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

மாமியார் தாளை அவள் பக்கம் தள்ளினார். "உன் வயித்துல ஒண்ணு தங்கல. சரி, எங்க தலையெழுத்துன்னு இருந்தோம். இப்போ என் பிள்ளைகிட்டகூட ஒரு வார்த்தை கேக்காம, எவளோ பெத்த பொண்ணக் கொண்டு வந்து சாக்குல படுக்க வெப்பியா? மிச்சத்தப் போடுவியா?"

எவளோ பெத்த பொண்ணு... அந்தச் சொற்கள் காதில் விழுந்தன, உள்ளே போகவில்லை. அவள் வாய் திறப்பதற்குள் குளியலறைக் கதவு திறந்தது. பாதி முகத்தில் சவரநுரையோடு கணவன் வந்து நின்றான். ஓரளவு கேட்டிருக்கிறான் போலும். நேரே மேஜைக்கு வந்து தாளை எடுத்துப் படித்தான். தத்தெடுப்புக்கு வீட்டார் சம்மதம். பெயர், சின்னக்கண்ணு. பெண். வயது எட்டு. இடது காது கேட்காது. புது இடம் பழக நாளாகும்.

உயரமான கட்டடங்களில் லிஃப்ட் பழுதுபார்ப்பவன் அவன். கம்பியில் தொங்கிக்கொண்டு வேலை செய்யும்போதும் தயங்காதவன், இப்போது அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் தாளை மேஜையில் வைத்தான்.

"அம்மா, குறை அவகிட்ட இல்ல. என்கிட்டதான்."

"ஐயோ, சும்மா இருங்க" என்று அவள் குறுக்கே பாய்ந்தாள்.

"பதினோரு வருஷம் சும்மா இருந்தாச்சு. ஆஸ்பத்திரில டாக்டர் சொன்ன அன்னிக்கே சொல்லியிருக்கணும். அப்பா போய் ஒரு மாசம்கூட ஆகல, அம்மா இதையும் தாங்க மாட்டாங்க, பழி என் மேலயே இருக்கட்டும்னு சொன்னா இவ. நானும் கோழை மாதிரி ஒத்துக்கிட்டேன். இன்னிக்கு என்கிட்டகூடச் சொல்லாம ஒரு குழந்தையத் தேடிப் போயிருக்கான்னா, அது என்னாலதான். அந்தப் பொண்ணு வரட்டும். மொதல் கையெழுத்து என்னோடது."

அப்போதுதான் அவளுக்கு எல்லாம் புரிந்தது. போய் இழுப்பறையைத் திறந்து, முதல் தாளைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். அதில் காப்பகத்தின் பெயரும், தலையைச் சாய்த்துப் பார்க்கும் பழுப்பு நாயின் படமும் இருந்தன.

"இது நாய்ங்க" என்றாள்.

நாத்தனாருக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. பாதியிலேயே அது அழுகையாகிவிட்டது. அண்ணியைக் கட்டிக்கொள்ள வந்தவளை அவள் விலக்கினாள். விடுதலையாக இருக்க வேண்டிய நேரம், அவளுக்கோ யாரோ தன் பெட்டியைத் திறந்து கொட்டிவிட்டதுபோல் இருந்தது. இத்தனை வருடம் கட்டிக் காத்ததை அரை நிமிடத்தில் போட்டு உடைத்துவிட்டான். "உங்கள யாரு சொல்லச் சொன்னது?" என்று கணவனிடம் சீறினாள். அவன் நுரை காய்ந்த முகத்தோடு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

மாமியார் எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இரண்டு தாள்களையும் கையோடு கொண்டுபோனதை யாரும் கவனிக்கவில்லை.

யாரும் வேலைக்குப் போகவில்லை. மதியம் சாப்பாட்டுத் தட்டு கதவுக்கு வெளியிலேயே ஆறிப்போயிற்று. மூன்று மணிக்குக் கதவு திறந்தது. வீங்கிய கண்களோடு, வெளியே போவதற்காக உடை மாற்றிக்கொண்டு மாமியார் நின்றார். படிவத்தை நீட்டினார். அதில் கோணலாக ஒரு கையெழுத்து இருந்தது.

"எத்தன மணி வரைக்கும் தெறந்திருப்பாங்க?"

மற்ற இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். காப்பகத்துக்கு மாமியாரும் மருமகளும் மட்டும் போனார்கள். சின்னக்கண்ணு கூண்டைவிட்டு வெளியே வந்து, புது ஆளின் பாதத்தை நிதானமாக மோந்து பார்த்து, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டது. மாமியார் காலை எடுக்கவும் தெரியாமல், வைத்திருக்கவும் தெரியாமல் நின்றார்.

திரும்பும்போது வாடகைக் காரின் பின் இருக்கையில் இருவருக்கும் நடுவே நாய் படுத்துக்கொண்டது. பாதி வழி வந்தபிறகு மாமியார் அவள் பக்கம் திரும்பினார்.

"ஒரு தடவையாவது திருப்பிச் சொல்லியிருக்கலாமேம்மா" என்றார் மாமியார். "நான் உன்னச் சொன்னதையெல்லாம் இனி எங்க கொண்டுபோய் வெப்பேன்?"

பரவாயில்லை என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. மன்னித்துவிட்டோமா, கோபமாகத்தான் இருக்கிறோமா என்று அவளுக்கே தெரியவில்லை. கண்ணீர் மட்டும் தன்பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. நாயின் முதுகைத் தாண்டி மாமியாரின் கை அவள் கையைத் தேடி வந்தது. அவள் இழுத்துக்கொள்ளவில்லை. அன்றைக்கு அவளால் முடிந்தது அவ்வளவுதான்.