யாரும் திறக்காத கல்லறை

“சார்! மண்டை ஓடு!”

குழிக்குள்ளிருந்து ஏட்டு அலறினார்.

இன்ஸ்பெக்டர் பாய்ந்து வந்தார். அவருக்கு முன்னால் ஓடி வந்தாள், காணாமல்போனவளின் அக்கா.

புரொபசர் எட்டிப் பார்த்தார். கொட்டாவி விட்டார்.

“மூவாயிரம் வருஷப் பழசு. கொலையாவே இருந்தாலும் குற்றவாளி இப்ப உயிரோட இல்ல, இன்ஸ்பெக்டர்!”

இன்ஸ்பெக்டர் பல்லைக் கடித்தார்.

கடலைப் பார்த்தபடி ஆளுயரக் கற்கள் நின்றன. ஒவ்வொன்றின் காலடியிலும், பலகைக் கற்களால் பெட்டி மாதிரி மூடிய ஆதிகாலக் கல்லறை.

புரொபசரின் மனைவியை ஆறு வாரமாகக் காணவில்லை. அவளுடைய செல்போன் கடைசியாக உயிரோடு இருந்தது இந்தக் கற்களுக்கு நடுவில்தான்.

சந்தேகம் முழுக்கப் புரொபசர் மேல். ஆனால்...

மூன்று கல்லறைகளைத் தோண்டலாம். இன்று சூரியன் மறையும்வரை. தொல்லியல் நிபுணர் மேற்பார்வையில்... என்றது கோர்ட்.

வட்டாரத்தில் இருந்த ஒரே நிபுணர்... புரொபசர்!

நாளைக் காலை அவர் வெளிநாட்டுக்கு விமானம் ஏறுகிறார்.

“மண்வெட்டியைக் கீழ போடுங்க!” அதட்டினார் புரொபசர். “பிரஷ்! பிரஷ்ஷால தள்ளுங்க!”

“திருடனைப் பிடிக்கத்தான் போலீஸ்ல சேர்ந்தேன். என்னைப் பெயின்டர் ஆக்கிட்டாங்க” ஏட்டு முனகினார்.

இரண்டாவது கல்லறை. மத்தியானம் முழுக்க அதிலேயே போனது. கிடைத்தது ஒரே ஒரு நாணயம்!

“அது நான் போட்டது” என்றார் புரொபசர். “பத்து வருஷம் முன்னாடி இதைத் தோண்டினேன். மூடறதுக்கு முன்னாடி அந்த வருஷத்துக் காசை அடியில போட்டுடுவோம். பின்னால தோண்டறவனுக்கு, நமக்கு முன்னாடியே ஒருத்தன் வந்திருக்கான்னு தெரியணுமில்ல? எங்க தொழில்ல அது கையோட ஒட்டின பழக்கம்.”

“பாடம் எடுத்தது போதும்!” இன்ஸ்பெக்டர் சாய்ந்து நின்ற ஒரு கல்லைக் காட்டினார். “அது!”

“அதை யாரும் திறந்ததே இல்ல. வீணா மெனக்கெடறீங்க.”

மூடுகல்லை நகர்த்தினார்கள். உள்ளே மண். பிரஷ்... மறுபடி பிரஷ்... வெளியே தள்ளிய மண்ணை உப்புக்காற்று திரும்பக் குழிக்குள்ளேயே கொட்டியது.

சூரியன் கடலைத் தொட்டது.

“தரைக்கல் தெரியுது சார்” ஏட்டின் குரல் செத்திருந்தது. “அவ்வளவுதான். ஒண்ணுமில்ல.”

புரொபசர் கைக்குட்டையால் கையைத் துடைத்தார்.

“நான் கிளம்பலாமா? பெட்டி கட்டணும்.”

“என் தங்கச்சி எங்க?” அக்கா குழிக்குள் குதித்தாள். “சொல்லுய்யா! உன்னை மாப்பிள்ளைன்னு கூப்பிட்ட என் வாயைத்தான் முதல்ல கழுவணும்!”

“அண்ணி, மரியாதை...”

“மரியாதையா? இந்தா!”

மூலையில் மிச்சமிருந்த மண்ணை இரண்டு கையாலும் அள்ளி வீசினாள்.

சட்டையெல்லாம் மண்! கூடவே எதுவோ அவர் ஷூவில் பட்டு... ‘ணங்’!

இன்ஸ்பெக்டர் குனிந்து எடுத்தார். ஊதினார். வெளிச்சத்தில் திருப்பினார்.

ஒரு நாணயம். பளபளவென்று...

இந்த வருஷத்து நாணயம்!

“யாராவது... சுத்திப் பார்க்க வந்தவங்க போட்டிருப்பாங்க...” புரொபசர் ஓரடி பின்னால் நகர்ந்தார்.

“யாருமே திறக்காத கல்லறைக்குள்ளயா?”



இன்ஸ்பெக்டர் சட்டைக் கையை மடித்துவிட்டார்.

“ஏட்டு! பிரஷ்ஷைத் தூக்கிக் கடாசு. கடப்பாரையை எடு!”

“அப்பாடா!”

தரைக்கல் நெம்பப்பட்டது. புரண்டது.

கீழே... ஒரு நீலச் செருப்பு. அதற்குள் ஒரு கால்!

அக்கா கத்தவில்லை. அப்படியே உட்கார்ந்தாள். “நான் வாங்கிக் குடுத்த செருப்பு...” என்று மட்டும் சொன்னாள்.

ஓடத் திரும்பிய புரொபசரை ஏட்டு மடக்கினார்.

“ராத்திரியில கல்லறையைத் திறந்து பாசிமணிகளை எடுத்து வித்தேன்... பின்னாலயே வந்து பார்த்துட்டா. வெளிய சொல்லிடுவேன்னா...” புரொபசர் குழியையே பார்த்தார். “அவளை மூடினேன்... மண் போட்டேன்... காசு போட்டது எனக்கே ஞாபகமில்லை!”

“கையோட ஒட்டின பழக்கம்னு நீங்கதானே சொன்னீங்க?”

க்ளிக்! விலங்கு பூட்டியது.

ஏட்டு குழியைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

“சார், இதை மூடறப்ப நாமளும் ஒரு காசு போடணுமா?”

“காசு வேண்டாம்யா” என்றார் இன்ஸ்பெக்டர். “இவர் கைவிலங்கோட சாவியைப் போடு!”